உபதலைவருக்கு ஒரு பெண்

இரண்டாவது உலகப் போர் முடிந்த மறுவருஷம். தூத்துக்குடியில், பேதி மருந்துக்குப் போகும் நிலவாகை இலையை ஏற்றுமதி செய்யும் கிட்டங்கி ஒன்றில் எனக்கு இலை பொறுக்கும் வேலை. பழுப்பையும் காம்பையும் தள்ளிப் பச்சை இலையைத் தனியே பிரிக்க வேண்டும். பொறுக்குகிறவர்கள் எல்லோரும் பெண்கள்; மூட்டை கட்டுவதும் எடை போடுவதும் ஆண்கள்.

எங்கள் தொழிலாளர் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. எடை போடும் அண்ணாச்சி தலைவருக்கு நின்றார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "ஏளா, எங்கூட உபதலைவருக்கு நீ நிக்கணும்" என்றார்.

அதுவரை அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

"சங்கத்துல ஆம்பளையளே இல்லையா அண்ணாச்சி?"

"பொம்பளையளுக்கும் ஒரு எடம் வேணும்லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். "அவங்கூட இருக்க ரெண்டு பேரும் அந்த எடத்துக்கு அடிச்சுக்கிடுதானுவ. ஒருத்தனுக்குக் குடுத்தா மத்தவன் மொறச்சுக்கிடுவான். ஒனக்குன்னா ரெண்டு பேரும் சும்மா கெடப்பானுவ. பொம்பளைய ஓட்டும் விழும். நாளைக்கு அவன் நாற்காலிக்கு நீ போட்டிக்கும் வரமாட்டே" என்றார்.

சரியாகத்தான் பட்டது. ஆனால் என்னை நிற்கவிடாமல் செய்யத்தான் இவர் இப்படிச் சொல்கிறாரோ என்றும் தோன்றியது.

நிற்பதென்று முடிவு செய்தேன். கிட்டங்கி வாசலில் நடந்த தேர்தல் கூட்டத்தில் எல்லோரும் கேட்கவே, "நீரு வராத அன்னைக்கு மொதலாளிகிட்ட யாரு பேசுவா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற இருவரையும் பார்த்தார். பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உபதலைவர்தான்" என்றார் கடைசியில்.

ஜெயித்தோம். அந்த இருவரில் ஒருவர் காரியதரிசி ஆனார்.

பெண்களின் கோரிக்கை ஒன்றுதான். கைப்பிள்ளைகளை இலைத்தூசியில் கிடத்திவிட்டுத்தான் வேலை பார்த்தோம். அந்தத் தூசி உள்ளே போனால் பிள்ளைகளுக்கு வயிறு போகும். அதனால் தனியாக ஒரு கொட்டகை கேட்டோம். முதலாளி பேச வரச்சொன்ன அன்று காலையில், தலைவர் ஒரு துட்டி வீட்டுக்கு ஓட்டப்பிடாரம் போய்விட்டார் என்றார்கள். யார் செத்தது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

"நான் பேசிக்கிடுதேன், நீ அங்கன நில்லு" என்றார் காரியதரிசி. நான் அவருக்கு முன்னால் உள்ளே போனேன்.

கொட்டகை என்று வாயெடுத்ததுமே முதலாளி ஆச்சரியப்பட்டார். "அது முடிஞ்ச விஷயம்லா? போன வாரம் உங்க தலைவரு தனியா வந்தாரே. கொட்டகை வேண்டாம், மூட்டை கட்டுதவனுக்குக் கூலியக் கூட்டுனாப் போதும்னுட்டுப் போனாரு."

காரியதரிசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு சொன்னது எங்களுக்குத் தெரியாது. கொட்டகை இல்லைன்னா நாளைக்கு எல பொறுக்க ஒருத்தியும் வரமாட்டா" என்றேன். கப்பல் வரும் நேரம். முதலாளி சம்மதித்தார்.

தலைவர் திரும்பி வந்ததும் நேராகவே கேட்டேன். "மொதலாளி பொய் சொல்லுதாரு. நமக்குள்ள சண்டை மூட்டப் பாக்காரு" என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான். இருவரில் யார் பொய் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த தேர்தலில் அவர் ஓர் ஆணைச் சேர்த்துக்கொண்டார். நான் தலைவருக்கே நின்று தோற்றேன். பெண்களிலேயே பலர் எனக்குப் போடவில்லை. கொட்டகையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. என் இரண்டாவது பிள்ளை அங்கேதான் தூங்கி வளர்ந்தான்.