கடலில் அவர் பேரைச் சொன்னேன்

இன்னிக்கு முதல் தடவையாகப் பாய்மரப் படகில் ஏறினேன். ஓட்டியது என் பேத்தி கவிதா. லைசென்ஸ் எடுத்திருக்கிறாள் லா! அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி.

எங்க ஊர் ஜெலுத்தோங் கரை சின்னதாகிப் போனதும் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இதே கரையிலிருந்து மீன்பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை. அன்று வானம் கறுத்து வந்தது. "என்னங்க, என்னங்க!" என்று கரையில் நின்று கத்தினேன். படகில் நாலு ஆம்பளைங்க. யாரையோ கூப்பிடுகிறேன் என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான்.

நாற்பது வருஷமாக ஒரே நினைப்பு. பேரைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பாரோ?

கவிதாவிடம் இதைச் சொன்னேன். "இப்பக் கூப்பிடுங்க பாட்டி, இங்க யாரு கேக்கப் போறா?" என்றாள்.

கூப்பிட்டேன். ஒரே தடவை.

காற்று நின்றது. பாய் தொங்கிப் போனது. கவிதா கயிற்றை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "போதும் பாட்டி, இன்னொரு தடவை வேணாம்."

ரொம்ப நேரம் கழித்துத்தான் காற்று வந்தது. எங்களைக் கரைக்கே தள்ளிக்கொண்டு வந்தது.

அவர் பேர் என்னவென்று கமெண்டில் கேட்காதீங்க, எழுதப் பயமா இருக்கு. நீங்க உங்க வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுறீங்க? திரும்பிப் பார்க்கிறாரா?