தண்ணீர் கலக்காமல்

மண்ணூரில் நாங்கள் தங்கியிருந்த வாடகை அறையில், குளிக்கிற வாளிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பழுப்பு நிறக் கிருமிநாசினி பாட்டில் இருக்கும். ஷிப்ட் முடிந்து வருகிறவள் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றுவாள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். அந்த வாசனை உடம்பில் ஏறினால்தான் குளித்த திருப்தி. சோப்பிலும் அதுதான், காயம் கழுவவும் அதுதான் என்பதால் யாரும் அதற்குப் பயந்ததில்லை. குளோராக்சிலினால் என்ற அதன் பெயரை நான் படித்ததே எல்லாம் கெட்ட பிறகுதான்.

செல்போன் பாகங்களைப் பூட்டும் லைனில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கையுறை. வியர்வை உள்ளேயே நின்று விரலெல்லாம் வெந்து, அரிப்பு உயிரை வாங்கியது. நான் காண்ட்ராக்ட் ஆள். அந்த மாதம் ஒரு நாளும் விடாமல் வந்தால் நிரந்தரமாகக் கம்பெனி ரோலில் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். லீவு போட எனக்கென்ன பைத்தியமா?

பாட்டிலிலிருந்து அப்படியே பஞ்சில் நனைத்துப் பத்து விரலிலும் பூசினேன். மருந்து காயாமல் இருக்கட்டும் என்று மேலே கையுறையையும் மாட்டிக்கொண்டேன். எரிந்தது. தென்காசிப் பக்கமிருந்து வந்திருந்த அறைத்தோழியிடம் சொன்னேன்.

"ஏட்டி, எரிஞ்சாத்தான் கிருமி சாவுதுன்னு அர்த்தம். சும்மா கெட" என்றாள்.

எனக்கும் அதே நம்பிக்கைதான். எரியாத மருந்தை நாங்கள் மருந்தாகவே மதித்ததில்லை. மறுநாளும் பூசினேன், அதற்கு மறுநாளும். வேகவைத்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி விரல்நுனிகள் உரிந்து வந்தன. அடியில் சிவந்து, வழவழவென்று இருந்தது.

காலையில் கேட்டில் வருகைப்பதிவு மெஷினில் விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. வேறு விரல். அதுவும் சிவப்பு.

"ரேகை வுழலியேம்மா. தொடச்சிக்கினு வை" என்றார் செக்யூரிட்டி.

துடைக்க அங்கே என்ன இருந்தது? சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "மெஷின் எடுக்கலன்னா நான் இன்னா பண்ண முடியும்? ரேகை வந்தப்புறம் வா" என்றார். நான் தினம் பார்க்கிற மனிதர்தான். நான் நான்தான் என்று அவருக்குத் தெரியும். அப்படியும் உள்ளே விடவில்லை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

தண்டலத்தில் தோல் டாக்டரிடம் போனேன். "தண்ணி கலந்தா மருந்து. கலக்காம பூசி, கையுறையும் போட்டு மூடினா தோலைச் சுட்டுடும். பாட்டில்லயே போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார். கடுகு அளவு எழுத்தில் போட்டிருந்தால் யார் படிப்பார்கள்?

"ரேகை திரும்ப வருமா டாக்டர்?"

"வரும். தோல் தானா வளரணும். அவசரப்படுத்த மருந்து கிடையாது."

அழுகையாக வந்தது. கண்ணைத் துடைக்கக்கூட அந்த விரல்கள் உதவவில்லை. அதன் பிறகும் தினமும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனேன். விரலை வைப்பேன், சிவப்பு எரியும், கூட வந்தவர்கள் உள்ளே போவார்கள். நான் நெடுஞ்சாலைக்கு நடந்து வந்து வேறு பஸ் பிடிப்பேன். எத்தனை வேண்டினாலும் தோல் தன் பாட்டுக்குத்தான் வளர்ந்தது.

மாதம் முடிந்ததும் காண்ட்ராக்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். என் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்தாயிற்றாம். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, வேலையிலிருந்து விலகியதற்குப் பதிவு என்று ஒரு மெஷினை என் பக்கம் நகர்த்தினார் கிளார்க். கட்டைவிரலை வைத்தேன்.

வைத்த உடனே பச்சை விளக்கு எரிந்தது.

"நல்லாத்தானே வுழுது" என்றார் அவர்.