நாலு கை மேசை

1. கூச்சல்

"அந்த மிஷின நீ கழட்டுறியா, இல்ல நான் ஒடைக்கட்டுமா?"

ஒரு சனிக்கிழமை மதியம் என்னைப் பார்த்து இப்படிக் கத்தியவர் மாரிமுத்து. செங் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி வரும் லாரி டிரைவர். ஆறடி ஆள். உடைப்பேன் என்றால் உடைத்துவிடுவார்.

மலாய் நாடு சுதந்திரம் அடைந்த சமயம் அது. காஜா பெராங் என்ற ஊரில் ராவுத்தர் என்பவரின் விளையாட்டுக் கொட்டகையில் நான் மெக்கானிக். அங்கே மூன்று பின்டேபிள்கள் இருந்தன. சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே இரும்புக் குண்டு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே ஓடி, மணிகளில் முட்டி, பாயிண்ட் சேர்த்தபடி இறங்கும். அது கீழே குழியில் விழாமல், பக்கத்துப் பட்டன்களை அமுக்கி இரண்டு பிளிப்பர்களால் திருப்பி அடிக்க வேண்டும். பிளிப்பரை நாங்கள் 'கை' என்போம்.

அதிக ஸ்கோர் எடுத்தவர் பெயரைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதுவோம். எட்டு மாதமாக அங்கே முதல் பெயர் மாரிமுத்துதான்.

2. நான் செய்த வேலை

கூச்சலுக்குக் காரணம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பின்டேபிள் ஏஜெண்ட். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். கூடுதலாக இரண்டு கை, அவற்றுக்கான பட்டன்கள், அவற்றை இயக்கும் மின்கம்பிச் சுருள், ஸ்கோர் பலகைக்குப் பிரகாசமான பல்புகள்.

"புது மாடல் வர நாளாகும், முதலாளி. அதுவரைக்கும் பழசுலயே இத மாட்டிக்குங்க. அதே மிஷின்தான், இன்னும் நல்லா இருக்கும்."

ராவுத்தர் தாடியைத் தடவினார். "நல்லாத்தானே ஓடுது? எதுக்கு நோண்டணும்?"

நோண்டச் சொன்னது நான்தான். புது ஒயரிங் என்றால் எனக்கு அப்போது பிரியாணி மாதிரி. "ஒண்ணுல மட்டும் மாட்டிப் பாப்போம், முதலாளி. நாடே மாறுது..."

"நாடு மாறுறதுக்கும் மேசைக்குக் கை மொளைக்கிறதுக்கும் என்னடா சம்பந்தம்? சரி, மாட்டு. கூட்டம் கொறைஞ்சா மொதல்ல ஒன்னத்தான் கழட்டுவேன்."

மேசைக்கு அடியில் இரண்டு நாள் மல்லாந்து கிடந்து மாட்டினேன். கேட்டவர்களிடமெல்லாம், "அதே மிஷின்தான்" என்று ஏஜெண்ட் சொன்னதையே நானும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை பிள்ளை வந்தார். கம்போங் செட்டி கிராமத்தைச் சேர்ந்த குமாஸ்தா. பெயர்தான் பிள்ளை, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்ததால் பேச்செல்லாம் மலாய். பின்டேபிளைத் தொட்டதே இல்லை. ஆனால் நாலு கை மேசையில் குண்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் அங்கே ஒரு கை காத்திருந்தது. மூன்றாவது ஆட்டத்திலேயே மாரிமுத்துவின் ஸ்கோரைத் தாண்டிவிட்டார்.

"செனாங் லா!" சுலபம்தான் என்று சிரித்தபடி, தன் பெயரைத் தானே சுவரில் மேலே எழுதினார். அந்த நேரம் பார்த்து மாரிமுத்து உள்ளே வந்தார்.

சுவரைப் பார்த்தார். நேராக நாலு கை மேசை முன்னால் போய் நின்றார். பழகிப்போன விரல்கள், இடம் மாறியிருந்த பழைய இரண்டு பட்டன்களையே தேடின. ஒரு ஆட்டத்துக்கு உண்டான மூன்று குண்டும் மளமளவென்று குழிக்குள் போயின. யாரோ சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கத்தல்.

"அதே மிஷின்தாண்ணே..." என்று இழுத்தேன்.

"எதுய்யா அதே மிஷின்? எட்டு மாசமா அந்த ரெண்டு கையோட மல்லுக்கட்டிக் கத்துக்கிட்டேன். நீ அந்தக் கஷ்டத்தையே எடுத்துட்ட!"

அவர் சொன்னது சரி.

கொஞ்சம் ஆறிய பிறகு அவரே ஸ்கோர் பலகையைப் பார்த்து முணுமுணுத்தார்: "லைட்டு மட்டும் நல்லாத்தான் இருக்கு. மத்ததுல மங்கலான ஸ்கோரப் பாக்கக் குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு."

3. கழற்றிய கதை

திங்கட்கிழமை ராவுத்தரிடம் போனேன். "என் தப்புதான், முதலாளி. கைகளைக் கழட்டிடுறேன். பல்பு இருக்கட்டும். மத்த ரெண்டு மேசைக்கும் அதே பல்பு போட்டுடலாம்."

"ரெண்டு கைய வெட்டுனதுக்கு போலீஸ் வராதுல்ல?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். என் வேலை தப்பியது.

மூன்று மேசைகளிலும் வெளிச்சம் வந்தது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. சுவரில் மாரிமுத்து மறுபடி முதலிடம். பக்கத்தில் தனியாக ஒரு வரி: 'நாலு கை – பிள்ளை'. அந்த மேசையே இல்லாததால் பிள்ளையை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அடுத்த வருடம் நிஜமாகவே புது மாடல் வந்தது. அதிலும் நாலு கைதான். ஆனால் மணிகள், பாதைகள் எல்லாமே வேறு. மறுபடி ரகளை வரும் என்று பயந்தேன். முதலில் வந்து நின்றதே மாரிமுத்து. பத்து நொடியில் குண்டு போனது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னண்ணே, கோவம் வரலையா?"

"இது புது மிஷின்யா. இதுல எனக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. தள்ளு, இன்னொரு ஆட்டம்!"

இன்று வீட்டு டிவியில் மாட்டும் கேம் பெட்டிகளுக்கும் புதுத் தலைமுறை வருவதற்கு முன்பே, நடுவில் கொஞ்சம் பலம் கூட்டிய பெட்டி ஒன்று வருகிறது. அது தேவையா என்று இளைஞர்கள் சண்டை போடுவதைப் பார்க்கிறேன். நான் கற்றது இவ்வளவுதான்: விளையாடுகிறவனின் சிரமத்தைக் குறைப்பது வேறு, விளையாட்டின் சிரமத்தைக் குறைப்பது வேறு. முதலாவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவதற்குப் புது மிஷின் வரும்வரை பொறுக்க வேண்டும்.