‘ஆகவே, பிரியமானவர்களே’ மட்டும் கேட்டவன்

சபை வேன் ஓட்டுகிறவனுக்கு ஆராதனை முழுசாகக் கிடைக்காது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பள்ளி வேன், ஃபேக்டரி பஸ் ஓட்டுகிற அண்ணன் தம்பிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போனவன் என்றைக்காவது தாலி கட்டுவதைப் பார்த்திருக்கிறானா? அந்த நேரத்தில் வண்டியைத் திருப்ப இடம் தேடிக்கொண்டிருப்பான். எங்கள் சபை வளர்ந்த கதையைச் சொல்லச் சொல்லி வாலிபர்கள் சிலர் போன மாதம் என்னிடம் வந்தார்கள். ஆரம்பத்திலிருந்து இருக்கிற ஆள் நான்தானாம். இருந்தது உண்மை. உள்ளே இருந்தேனா என்பதுதான் கேள்வி.

ஆயாக் கொட்டகை

எங்கள் சபை ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ஆயாக் கொட்டகையில் பிறந்தது. வார நாள்களில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை தொட்டில் துணிகளைத் தூக்கிக் கட்டிவிட்டு, ஏழெட்டுப் பேர் பாயில் உட்காருவோம். எனக்கும் எஸ்தருக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டு பாடுவோம். எனக்குச் சுருதி நிற்காது. நான் தப்பும்போதெல்லாம் முழங்கையால் இடிப்பாள். உண்மையைச் சொன்னால், இடி வாங்குவதற்காகவே சில வரிகளைத் தப்பாகப் பாடியிருக்கிறேன்.

கொட்டகையை நிர்வாகம் இடித்ததும், சிரம்பான் ஓரத்துத் தெமியாங்கில் ஒரு கடைவீட்டு மேல்மாடியை வாடகைக்குப் பிடித்தோம். எஸ்டேட் ஆட்களை அவ்வளவு தூரம் யார் கூட்டி வருவது? பழைய வேன் ஒன்றை வாங்கினார்கள். யாரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்று போதகர் கேட்டார். நான் அசட்டுத்தனமாகக் கையைத் தூக்கினேன். அவர் முகம் மலர்ந்து சொன்னார்: “ஞானம், ஒரு மாசத்துக்கு மட்டும் ஓட்டுங்கலா. அதுக்குள்ள கர்த்தர் வேற ஆளைக் காட்டுவாரு.”

மூன்று நடை

கர்த்தர் காட்டியதெல்லாம் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஆட்களைத்தான். முதலில் ஒரு நடை, பிறகு இரண்டு. தோட்டம் விட்டு பாரோய் தாமான்களில் புது வரிசை வீடுகளுக்குக் குடிபோனவர்களும் சேர்ந்ததும் மூன்று நடை ஆனது. கடைசி நடை ஆட்கள் பாதிப் பிரசங்கத்துக்காவது போய்விடுவார்கள். நான் இடம் தேடி, வண்டியை எங்கேயோ சொருகிவிட்டு, மூச்சிரைக்க மாடிப்படி ஏறும்போது போதகர் “ஆகவே, பிரியமானவர்களே” என்பார். பிரசங்கம் முடியப் போகிறது என்று அர்த்தம். வருடக்கணக்காக நான் கேட்டவை வெறும் ஆகவேக்கள். ஆகவே மன்னியுங்கள், ஆகவே பொறுத்திருங்கள், ஆகவே பயப்படாதிருங்கள். ஏன் என்பதை நான் வருவதற்கு முன்பே சொல்லி முடித்திருப்பார்.

எஸ்தருக்குப் பக்கத்து நாற்காலியில் அதற்குள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நான் கதவோரம் நிற்பேன். முதல் ஆளாக இறங்கி வண்டியை எடுக்க வேண்டுமே. எல்லாரையும் அவரவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், இன்றைக்குப் போதகர் என்ன சொன்னார், கொஞ்சம் விவரமாகச் சொல்லேன் என்று அவளிடம் கெஞ்சுவேன். என் வீட்டுக்காரி பிரசங்கிக்குப் பிறந்தவள் அல்ல. “எல்லாரையும் மன்னிக்கணும்னாரு. அவ்வளவுதான். பசார் பக்கம் நிப்பாட்டுங்க, தேங்கா வாங்கணும்.”

பெரட்டு

சாமுவேல் அண்ணன் காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கங்காணியான மண்டோர் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. பதில் சொன்னால்தான் எந்த நெரை, அதாவது எந்த வரிசை மரம் வெட்டுவது என்று தெரியும். எஸ்டேட் போய்விட்டது, பெரட்டும் போய்விட்டது. பழக்கம் மட்டும் அவர் உடம்போடு பாரோய்க்குக் குடிவந்துவிட்டது. ஒரு ஞாயிறு, புதிதாக வந்த இளம் போதகர், கடைசி நாளில் ஆண்டவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று பிரசங்கித்திருக்கிறார். உதாரணத்துக்கு மார்த்தா என்றாராம், தாமஸ் என்றாராம், பிறகு மைக்கில் ஓங்கிச் சாமுவேல் என்றாராம். பின்வரிசையில் கண்ணயர்ந்திருந்த அண்ணன் விறைப்பாக எழுந்து நின்றுவிட்டார்.

எங்கள் சபையில் எல்லாரும் சேர்ந்து அப்படிச் சிரித்த நாள் வேறு இல்லை. போதகருக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். இன்றும் வீட்டுக்கூட்டங்களில் இந்தக் கதை ஓடும். நானும் நேரில் பார்த்தவன்போல ஆக்‌ஷனோடு சொல்வேன். ஆனால் அந்த நேரத்தில் நான் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ரெம்பாவ் சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தேன். எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். நாலு பேர் பார்த்ததை நான் பார்க்கவில்லையே என்று அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாமுவேல் அண்ணன் எழுந்து நின்று சொன்னது இதுதான்: “இருக்கேங்க மண்டோரே! இன்னைக்கு எந்த நெரைங்க?”

காளியம்மா அக்காவின் சவாரி

காளியம்மா அக்கா சபையைச் சேர்ந்தவர் இல்லை. எஸ்டேட்டிலேயே தங்கிவிட்ட கடைசிக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் பசாருக்குப் போக எங்கள் வேனில் ஏறிக்கொள்வார். ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். நீ எந்தச் சாமி என்று வேனில் யாரும் கேட்டதில்லை. மீனும் கங்கோங் கீரையும் வாங்கிக்கொண்டு வந்து, கடைவீட்டு மாடிப்படிக்குக் கீழே எங்களுக்காகக் காத்திருப்பார்.

ஒரு நாள் பேய்மழை. அடுத்த நடைக்குக் கிளம்ப முடியாமல் நானும் அங்கேயே நின்றேன். மேலே பாட்டு ஆரம்பித்துவிட்டது. மேலே ஓடியிருக்கலாம், ஆனால் மழை விட்ட நிமிடமே கிளம்ப வேண்டும். என்ன தம்பி முகம் இப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டார். ஏனோ தெரியவில்லை, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். முதல் பாட்டிலிருந்து கடைசி ஜெபம் வரை, ஒரே ஒரு முழு ஆராதனைக்கு என் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார வேண்டும், வேறு ஒரு ஆசையும் எனக்கு இல்லை என்றேன். அக்கா மீன் பையைக் கை மாற்றிக்கொண்டு சொன்னார்: “இதென்னலா பெரிய வேண்டுதலு? எங்க ஆத்தாகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைக்கிறேன். ரெண்டு பக்கமும் கேட்டா சீக்கிரம் நடக்கும்.”

புது மண்டபம்

யார் காதில் விழுந்ததோ, நடந்தது. பிள்ளைகள் தலையெடுத்து வீட்டுக்கு வீடு கார் வாங்கினார்கள். எஸ்டேட்டில் மிச்சமிருந்தவர்களும் தாமானுக்கு வந்துவிட்டார்கள். பாரோயில் சபைக்குச் சொந்த மண்டபம் எழும்பியது. வேனுக்கு ஓய்வு கொடுத்தார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். அடுத்த ஞாயிறு சட்டையை நானே இஸ்திரி போட்டேன். எஸ்தரை மோட்டாரில் பின்னால் உட்காரவைத்து, முதல் பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். கல்யாண மாப்பிள்ளைபோல அவள் பின்னாலேயே உள்ளே நுழைந்தேன்.

வாசலில் சபை மூப்பர் தேவதாசன் என் முழங்கையைப் பிடித்தார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவர். எதிலும் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. மாடியில் இடம் போதாமல் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தது போதும், புது மண்டபத்தில் பெரிய கோயில்களின் பழைய வழக்கப்படி உட்காரலாம் என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்களாம். அந்தக் கூட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்ததே நான்தான். “ஞானம் அண்ணே, பொம்பளைங்க வலது பக்கம், ஆம்பளைங்க இடது பக்கம்லா. இப்பதான் இடம் இருக்கே, முறையா உக்காரலாம்.”

முழு ஆராதனை

உட்கார்ந்தேன். எங்கள் நடுவே இருந்தது இரண்டு ஆள் நடக்கிற பாதைதான். எழுந்து போனால் நாலு எட்டு. ஆனால் சபை மொத்தமும் பார்க்குமே. எஸ்தருக்கும் எனக்கும் இடையில் யாரோ ஒரு அம்மாவின் மல்லிகைச் சரம் வேறு மறைத்தது. பாட்டு வந்தது, ஜெபம் வந்தது, பிரசங்கம் அதன் ஆகவேயோடு முழுசாக வந்தது. ஒன்றும் என் மனதில் ஏறவில்லை. அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு ஏங்குவேன் என்று நான் நினைக்கவே இல்லை.

வீட்டுக்குப் போகும்போது, மோட்டாரை மெதுவாக ஓட்டிக்கொண்டே, வெட்கத்தை விட்டு, போதகர் இன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். எஸ்தர் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கெங்க தெரியும்? இத்தன வருசங் கழிச்சு உள்ள உக்காந்திருக்கீங்க. நான் உங்களயேதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

ஊரையே கோயிலுக்கு ஏற்றி இறக்கியவன் நான். அந்த நாலு எட்டைத் தாண்டி என்னை என் பெண்டாட்டி பக்கத்தில் இறக்கிவிடத்தான் இன்னும் ஒரு வண்டி கிடைக்கவில்லை.