டொக்டர் பற்றிக்கின் மூன்றாவது படம்

எட்டு நிமிடம் இருபது செக்கன். டொக்டர் பற்றிக் கைத்தொலைபேசியைப் பார்த்துச் சூள் கொட்டினார். "இருபது செக்கன் கூடிப்போச்சு மிஸ்ஸி. எந்தச் சொல்லைக் கழட்டுவம்?" வார்ட்டின் நடு மேசையில் லப்டொப், அதன் முன்னால் அவர், சுற்றிவரக் கட்டில்களில் முப்பது நோயாளிகள். எட்டு நிமிடப் பேச்சில் ஏழாவது நிமிடம் முடிந்ததும் எவர்சில்வர் கோப்பையில் கரண்டியால் தட்டி எச்சரிப்பது வார்ட்டுத் தாதியான என் வேலை. மாநாட்டில் அப்படித்தான் மணி அடிப்பார்களாம். இருபத்தாறு வருடம் வைத்தியம் பார்த்த மனிதரை நான் கரண்டியால் நிறுத்துகிறேன் என்று வீட்டில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

ஒத்திகைக்கும் அவர் கோட்டுப் போடுவார். மட்டக்களப்பு வெயிலில், மின்விசிறி மூன்றில் ஒன்று சுற்றும் வார்ட்டில், நீலக் கோட்டு. கழுத்து வியர்த்து வழிந்தாலும் கழற்ற மாட்டார். கோட்டில்லாமல் பழகினால் மேடையில் கை எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறுமாம். (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் கோட்டை மாற்ற மனம் வரவில்லை. வாசித்தால் அவருக்கு விளங்கிவிடும்.)

உலகத்து நோய்களை அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒன்று 'புத்தக வருத்தம்', மற்றது 'சந்தை வருத்தம்'. சீனி, பிறஷர், மூட்டுவலி எல்லாம் சந்தை வருத்தம். அவற்றோடு வருகிறவர்களுக்கு ஒன்றரை நிமிடம், அதற்குள் இரண்டு கொட்டாவி. புத்தக வருத்தம் என்று மணம் பிடித்தால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். பாட்டன் என்ன தொழில் செய்தார் என்பதுவரை விசாரணை போகும்.

நோயாளிகள் லேசுப்பட்டவர்களா? பனிச்சங்கேணியிலிருந்து நெடுநாள் இருமலோடு வந்த ஒருவர் இரண்டு தடவை ஒன்றரை நிமிடத்தில் திரும்பிப் போனார். மூன்றாம் தடவை, சாப்பிடும்போது தன் இடது காது மட்டும் வியர்ப்பதாகச் சொன்னார். முக்கால் மணி நேரம் அவரைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார் டொக்டர். காதில் ஒன்றும் இல்லை. ஆனால் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது பிடிபட்டது. இப்போது பனிச்சங்கேணிப் பக்கமிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது வியர்க்கிறது.

மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் சிறந்த நோயாளி விவரணத்துக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள். அதைத் தொட்டுவிடத்தான் இவ்வளவு பாடும். போன வருடம் கை நழுவிப்போனது. இருதயம் வலப்பக்கம் இருந்த ஒருவரைப் பற்றிப் பேசிய இளம் டொக்டர் கொண்டுபோய்விட்டார். "அதில அவன்ட கெட்டித்தனம் என்ன கிடக்கு? அந்த மனிசனைப் பெத்த தாய்க்கெல்லோ கேடயம் குடுத்திருக்கோணும்" என்று ஆறு மாதம் பொருமிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் அவருக்கு வினாயகமூர்த்தி கிடைத்தார். செங்கலடிக்கு அப்பால் வயல் செய்கிறவர். மூன்று கிழமைக் காய்ச்சலோடும் காலில் சீழ்க்கட்டியோடும் வேறொரு ஆசுபத்திரி திருப்பி அனுப்பிய ஆள். டொக்டர் பற்றிக்தான் அவரிடம் எந்தச் சேற்றில் நின்றீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டுக் கேட்டு, வயல் சேற்றில் கிடக்கும் ஒரு கிருமி இரத்தத்தில் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த மனிதரைச் சாவின் வாசலில் இருந்து இழுத்து வந்ததை நான் கண்ணால் கண்டேன். அதற்காக டொக்டரைக் கும்பிடத் தோன்றியது. பிறகு பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பைப் பார்த்தேன்: 'எமது பகுதியின் முதலாவதும் ஒரேயொருவருமான நோயாளி'. 'ஒரேயொருவர்' மட்டும் சிவப்பில். மாநாட்டுப் புத்தகத்திலும் அப்படியே அச்சாகிவிட்டது.

பேச்சு ஆங்கிலத்தில். ஆனால் வார்ட்டில் இருக்கிறவர்கள் பாவமென்று லப்டொப் திரையில் படம் மாறும்போதெல்லாம் தமிழில் இரண்டு வரி சொல்லுவார். மூன்றாவது படம்தான் அவருக்கு உயிர். வினாயகமூர்த்தியை முதலில் பார்த்த ஆசுபத்திரி செய்த பிழை அதில் இருக்கிறது. "இஞ்சதான் பிழைச்சது. திங்கக்கிழமை வா எண்டு அனுப்பிப்போட்டாங்க. கிருமிக்குத் திங்கக்கிழமை தெரியுமா?" என்று கேட்டு, வலது கையை உயர்த்தி மேசையில் ஓங்கி ஒரு அடி. மருந்துப் போத்தல்கள் குலுங்கும். ஒத்திகைக்குக் கிளினிக் நாளில் வந்து முன்னால் குந்தியிருக்கும் வினாயகமூர்த்தி, அந்த அடிக்கு மட்டும் தவறாமல் தலையாட்டுவார்.

மாநாடு சனிக்கிழமை. புதன்கிழமை காலை வினாயகமூர்த்தி வந்தபோது தனியாக வரவில்லை. தன் வயல் வட்டையில் களை பிடுங்கும் மங்கையற்கரசியை ஓட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு நாள் காய்ச்சல், கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் கட்டி. தனக்கு இருந்தது போலவே இவவுக்கும் இருக்கிறது, அதுதான் கையோடு கூட்டிவந்தேன் என்றார். ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவர் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

டொக்டரின் முகம் கறுத்தது. நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணைப் பார்த்தார். சேற்றைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பாட்டன் தொழில்வரை விசாரிக்கிற மனிதர் கதிரையில் இருக்கக்கூட இல்லை. "இது சும்மா காய்ச்சல். குளிசை எழுதுறன். திங்கக்கிழமை வந்து காட்டுங்க."

இரத்தம் எடுத்து அனுப்புவோமா என்று கேட்டேன். இரத்தம் எடுக்கும் போத்தல் என் கையிலேயே இருந்தது. லாப்பைச் சும்மா கரைச்சல்படுத்த வேண்டாம் என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு விளங்கிவிட்டது. இந்த இரத்தத்திலும் அதே கிருமி முளைத்தால், 'ஒரேயொருவர்' என்ற சிவப்புச் சொல் போய்விடும். அப்படி ஒரு ஆத்திரம் வந்தது எனக்கு. ஆனால் பன்னிரண்டு வருடச் சேவையில் ஒரு டொக்டரை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

பேசியது வினாயகமூர்த்திதான். லப்டொப்பைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார். "திங்கக்கிழமை எண்டா, ஐயா, இவவையும் அந்த மூண்டாவது படத்திலயா போடுவீங்க?"

அவர் குத்திக் கேட்கவில்லை. சத்தியமாக அறியத்தான் கேட்டார். வார்ட்டில் முப்பது பேருக்கும் அந்தப் படம் மனப்பாடம். டொக்டர் தான் எழுதிய மருந்துத் துண்டைத் திருப்பி வாங்கி நாலாகக் கிழித்தார். என் கையிலிருந்த போத்தலை எடுத்தார். கதிரையை இழுத்தார். "எந்தச் சேத்துக்குள்ள நிண்டீங்க மகள்? காலில புண் ஏதும் இருந்ததா?" ஒரு மணி நேரம் இருந்தார். பகல் சாப்பாட்டுக்கு முன் ஊசி தொடங்கியாயிற்று.

திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பின்னேரமே, லாப் முடிவு வருமுன்பே, லப்டொப்பின் முன்னால் கோட்டோடு நின்றார். 'ஒரேயொருவர்' போய் 'இருவர்' வந்திருந்தது, அதே சிவப்பில். "ஒண்டெண்டா அதிசயம், மிஸ்ஸி. ரெண்டெண்டா ஆராய்ச்சி" என்றார். வினாயகமூர்த்தியைக் கூப்பிட்டு, வட்டையில் வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லையா என்று, ஒரு மூன்றாவது ஆளும் கிடைத்துவிடாதா என்ற ஆவலோடு விசாரித்தார். வயல் வட்டையைப் பார்க்கும் விதானையிடம் சொல்லி வீடு வீடாகக் கேட்பதாக அவரும் ஒப்புக்கொண்டார். கேட்கத்தான் வேண்டும், அதுவும் சரிதான்.

சனிக்கிழமை காலை லாப்பிலிருந்து அழைப்பு வந்தது: அதே கிருமி. மங்கையற்கரசிக்குக் காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் ஒரு கோப்பைக் கஞ்சி குடித்துவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள். (இப்போது கிளினிக்குக்குத் தானே பஸ் ஏறி வருகிறாள்.) நான் மாநாடு நடந்த வாவிக்கரை மண்டபத்துக்குப் போய் டொக்டரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மேடை ஏறினார்.

முதல் படம், இரண்டாம் படம், சொல்லுக்குச் சொல் ஒத்திகை மாதிரியே. என்னை இரண்டாம் வரிசையில் இருத்தியிருந்தார்கள். கையில் கரண்டி இல்லை, இருந்தும் விரல் துருதுருத்தது. மூன்றாவது படம் விழுந்தது. திங்கட்கிழமை வரச் சொல்லித் திருப்பி அனுப்பியதைச் சொன்னார். வலது கை உயர்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். நான் அடிக்காகக் காத்திருந்தேன்.

கை மேலேயே நின்றது, ஐந்தாறு செக்கன். பிறகு மெதுவாக இறங்கி, மேசையைத் தொடாமல், நீலக் கோட்டின் பைக்குள் போயிற்று.