எல்லாரும் கீழ்த்தளத்திலா ஏறினார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே அவளுக்கு அலுப்புத்தான். வாரமெல்லாம் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அடுத்தவர் வலிக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டு, ஒரு நாளாவது கால் நீட்டலாம் என்று உட்கார்ந்தால், கால்குலேட்டரோடு எதிரில் வந்து உட்கார்ந்துவிடுவார் கணவர்.

அவர் லிப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வாசலில் செருப்போடு கழற்றி விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார் போலிருக்கிறது.

ஐந்தாவது படிக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்காக ஐந்து வருடமாக மாதம் ஐயாயிரம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தார்கள். போட்டது மூன்று லட்சம். அது மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் ஆகியிருந்தது.

“நூத்துக்கு முப்பது. அஞ்சு வருஷத்தால வகுத்தா ஆறு. பேங்க் டெபாசிட்ல ஏழு. நல்லா மொட்டை அடிச்சிட்டானுங்க,” என்றார்.

“போன மாசம் ஆப்ல பார்த்தப்போ வருஷத்துக்குப் பத்துக்கு மேலன்னு இருந்துச்சேங்க?”

“தன் கடைச் சரக்கை எவனாவது மட்டம்னு சொல்வானா?”

போன மாதம் போட்ட ஐயாயிரத்துக்கும் ஐந்து வயதா என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். சுவரிடம் சொல்லியிருந்தால் அது எதிர்த்தாவது பேசியிருக்காது. அன்று பொறுமை போய்விட்டது. கால்குலேட்டரைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தாள்.

“உங்க லிப்ட்ல ஒருத்தர் கீழ்த்தளத்துல ஏறுறார். அப்புறம் மாடிக்கு ஒருத்தரா ஏறிக்கிட்டே வராங்க. எல்லாரும் பத்தாவது மாடில எறங்குறாங்க. ஒன்பதாவதுல ஏறினவரைப் பிடிச்சு, ‘இவ்வளவு நேரமா உள்ள இருந்தியே, ஒரு மாடிதான் வந்தியா’ன்னு சண்டை போடுவீங்களா?”

“அவர் இப்பதானே ஏறினார்?”

“பணமும் அப்படித்தாங்க!”

அவர் தாடையைத் தடவினார். “அப்போ… முழுசா அஞ்சு வருஷம் இருந்தது முதல் மாசப் பணம் மட்டும்தான். மத்ததெல்லாம் வழியில ஏறினது.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சந்தோஷத்தில் காபி போட எழுந்தாள்.

“உக்காரு,” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. “போன வாரமே வித்துட்டேன். ஃபண்ட் ஏஜென்ட் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு, மொத்தத்தையும் ஏழு வருஷ டெபாசிட்ல போட்டாச்சு. நடுவுல எடுக்க முடியாது.”

மகளின் பணத்தை ஒரு வகுத்தல் கணக்கு முழுங்கிவிட்டதே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

“மாசா மாசம் போறதையும் நிறுத்தியாச்சா?”

“இல்ல. அதுக்கு வேற படிவமாம். அதுக்குள்ள எங்கேயோ லிப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டாங்க, ஓடிட்டேன்.”

எந்தப் புண்ணியவானின் லிப்டோ, நல்ல நேரத்தில் நின்றிருக்கிறது.

“அது போய்க்கிட்டே இருக்கட்டும். அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க,” என்று சொல்லி, கால்குலேட்டரை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.