காட்டுத்தீ வகுப்பில் ஒரு கேத்தில் தேத்தண்ணி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காட்டுத்தீயை எப்படித் தடுப்பது என்று ஊருக்குப் பாடம் எடுக்கப் போய், பாடம் நடத்திய காட்டுக்கே நெருப்பு வைத்துவிட்டு வந்த மேதாவி நான்தான். இந்தப் பெருமைக்கு வேறு யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இது நடந்தது இரண்டு கோடைகளுக்கு முன்பு, மொன்ட்ரியாலில். மொன்ட்ரியால் ஒரு தீவு. அதன் மேற்குக் கோடியில் எங்கள் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஒரு சின்னக் காடு இருக்கிறது. அதை ஒட்டித்தான் என் ஆய்வுக்கூடம். காட்டுத்தீயில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். உடனே கோடரியோடு புகைக்குள் ஓடும் வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். என் காடு கணினிக்குள் இருக்கிறது. காலையில் காபி குடித்துக்கொண்டே ஒரு மலையையே கொளுத்துவேன், மதியச் சாப்பாட்டுக்குள் அணைத்தும் விடுவேன். நிஜத்தில் நான் அதுவரை அணைத்திருந்த பெரிய நெருப்பு, பிறந்தநாள் கேக்கின் மேல் இருந்தது.

வடக்கே காடுகள் எரிந்து, நகரத்து வானம் பழுப்பாகக் கிடந்ததே, அதற்குப் பிறகு எங்கள் துறைக்கு ஒரு யோசனை வந்தது. இதையெல்லாம் மாணவர்களுக்கு மட்டும் சொல்லி என்ன பயன், சாதாரண மக்களைக் காட்டுக்கே கூட்டி வந்து சொல்லிக்கொடுப்போம் என்று. ஒரு சனிக்கிழமை இரண்டு பஸ் ஏற்பாடாயிற்று. ஒன்றில் பிரெஞ்சு பேசும் குடும்பங்கள். இன்னொன்றில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற குடியிருப்புப் பகுதியிலிருந்து தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும். வாய் மட்டும் போதும் என்கிற வேலைக்கு என்னை விட்டால் யார்?

செய்து காட்டும் வேலை எங்கள் கள அலுவலருடையது. மொன்ட்ரியாலிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். படிக்கிற காலத்தில் கோடைதோறும் வடக்கே போய்க் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் வேலை செய்தவர். பிரெஞ்சில் திட்டுவார், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவார், தமிழில் அளந்துதான் பேசுவார். நான் இன்னும் பட்டம் வாங்கவில்லை என்பது தெரிந்தே என்னை ‘டொக்டர்’ என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

காட்டுக்குள் சரளைக்கல் கொட்டிய ஒரு திடல், அதன் நடுவே ஓர் இரும்பு வளையம். நெருப்பு மூட்ட அனுமதி உள்ள ஒரே இடம் அது. காலையில் அவர் அங்கே சின்னதாக நெருப்பு மூட்டி, அணைத்துக் காட்டினார். தண்ணீர் ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும், கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கதகதப்பு இருந்தாலும் மறுபடி முதலிலிருந்து. ஊசியிலை மரங்களுக்கு அடியில் நாம் மண் என்று நினைப்பது மண்ணே இல்லை, பல வருஷத்து இலையும் வேரும் மக்கிய மெத்தை, அதுவும் எரியும் என்றார். மேலே அணைந்ததுபோல் தெரிகிற நெருப்பு கீழே இறங்கி, வேரைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நடக்குமாம்.

நான் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, “நம்ம சொந்தக்காரங்க கோபம் மாதிரி” என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

மதியம் அவர் பிரெஞ்சுக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு நடைபாதைப் பக்கம் போனார். தமிழ்க் குடும்பங்கள் என் பொறுப்பு. ஊசியிலை மரங்களின் நிழலில் பாய் விரித்து, இடியப்பமும் மட்டன் ரோல்ஸும் சாப்பிட்டு முடித்திருந்தோம். அப்போதுதான் ஓர் அம்மாவின் பையிலிருந்து கேத்தில், நம்ம ஊர் கெட்டில்தான், வெளியே வந்தது. பின்னாலேயே தேயிலை, சீனி, இஞ்சி.

“தம்பி, ஒரு தேத்தண்ணி குடிக்காமல் என்னெண்டு காடு பாக்கிறது?” என்றார் அவர்.

எனக்கும் நாக்கு ஊறியது. இரும்பு வளையம் கொதிக்கிற வெயிலில் கிடந்தது. இங்கேயோ ஏ.சி. போட்டது போன்ற நிழல். நானே போய் மூன்று கல் பொறுக்கி வந்தேன். நானே சுள்ளி ஒடித்தேன். அந்த அம்மாவுக்குச் சந்தேகம்.

“காலமை அந்தப் பிள்ளை இரும்புக்குள்ள மட்டும்தான் எண்டு சொன்னவ?”

“அது சாதாரண ஜனங்களுக்கும்மா. காட்டுத்தீ டாக்டர் நானே பக்கத்துல இருக்கேன், உங்களுக்கு என்ன கவலை?”

இந்த வசனத்தை நான் எத்தனை இரவு படுக்கையில் நினைத்து நெளிந்திருக்கிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

தேத்தண்ணி பிரமாதமாக இருந்தது, அதை மறைப்பானேன். குடித்து முடித்ததும் இரண்டு போத்தல் தண்ணீரையும் கேத்திலில் மிஞ்சியதையும் ஊற்றினேன். புஸ்ஸென்று ஆவி வந்து அடங்கியது. கிளறவில்லை. கையை வைத்துப் பார்க்கவில்லை, சட்டைக் கை அழுக்காகிவிடுமாம். அதற்குப் பதில், அணைந்த அடுப்பின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, புலி வேட்டையாடிய ஜமீன்தார்போல நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் உச்சம். கள அலுவலர் வந்து பார்த்தால் திட்டுவாரே என்று கற்களைப் புதருக்குள் போட்டுவிட்டு, சுற்றியிருந்த காய்ந்த ஊசியிலைகளைக் காலால் கூட்டி அந்த இடத்தை மூடினேன். பூனை மூடுமே, அப்படி. நெருப்பு வைத்தது போதாதென்று அதற்குப் போர்வையும் போர்த்திவிட்டேன்.

அவர் திரும்பி வந்ததும் மூக்கைச் சுருக்கினார். “என்ன, புகை மணக்குது?”

“காலையில நீங்க மூட்டினதுதான்” என்றேன் கூசாமல். பஸ் புறப்பட்டது. எல்லோரும் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

பத்து நாள் போயிற்று. ஒரு துளி மழை இல்லை. செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும், ஆய்வுக்கூடக் கதவு திறந்தது. அவர் நின்றார். முழங்கால் வரை சேறும் சாம்பலும்.

“டொக்டர், அண்டைக்கு எங்கையும் நெருப்பு மூட்டினனீங்களோ?”

“இல்லையே” என்றுதான் முதலில் வாயில் வந்தது. வாய் என் உடம்பில் எப்போதும் மற்ற உறுப்புகளுக்கு முன்னால் போய் நிற்கும்.

“புதருக்குள்ள கரி பிடிச்ச மூண்டு கல்லு கிடக்கு. இந்த ஊரில வேற ஆர் மூண்டு கல்லு வைச்சு எரிக்கிறது?”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “நிலத்துக்குக் கீழ எரியுது. ஃபயர் ஆக்கள் வந்துகொண்டிருக்கினம். அடுப்பு வைச்ச இடம் சரியா எதெண்டு தெரிஞ்சால்தான் எவ்வளவு தூரம் போயிருக்கெண்டு பாக்கலாம். நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளையள் உந்த இடத்துக்கு வருகினம். வாங்கோ.”

அவருடைய பிக்கப்பில் ஐந்து நிமிஷம். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். அவர் முகம் அனுமதிக்கவில்லை.

இடத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையில் கொஞ்சம் நிம்மதிதான் வந்தது. ஒன்றுமே ஆகியிருக்கவில்லை! அதே நிழல், அதே மெத்தை, அதே பச்சை மரங்கள். நான் அடுப்பு வைத்ததாக நினைத்த இடத்திலிருந்து ஐந்தாறு எட்டுத் தள்ளி, ஒரு மரத்தின் அடியில் மட்டும், ஊதுபத்தி செருகி வைத்ததுபோல் ஒரு நூல் புகை. இதற்கா இத்தனை அமர்க்களம்?

“பாதையிலேயே நில்லுங்கோ. உள்ளுக்கு வரக்கூடாது. கையால காட்டினால் காணும்” என்றார்.

கையால் காட்டியிருந்தாலே போதும். ஆனால் குற்றவாளிக்கு ஒரு வீம்பு இருக்கிறது பாருங்கள், உதவி செய்து நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று. “இதோ, இங்கதான்” என்று சொல்லிக்கொண்டே நான்கு எட்டு உள்ளே வைத்தேன்.

ஐந்தாவது எட்டில் தரை இல்லை.

வலது கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. மேலே ஊசியிலையும் பாசியும் அப்படியே இருக்க, கீழே எல்லாம் எரிந்து சாம்பல் நிறைந்த குழியாகியிருந்தது. ஒரு கணம் சூடு தெரியவில்லை. மறுகணம் தெரிந்தது பாருங்கள், அடுப்புக்குள் காலை விட்டதுபோல. நான் கத்தியது எந்த மொழியில் என்று இன்றுவரை தெரியாது. குழியின் ஓரத்தில் வெளியே தெரிந்த வேர் ஒன்று, கரண்டு அடுப்புக் கம்பி மாதிரிச் சிவந்து கிடந்ததை மட்டும் பார்த்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து என் முதுகுப்பையைப் பிடித்து ஒரு இழுப்பு. என் எடை என்ன, அவர் எடை என்ன! மாட்டை இழுப்பதுபோல் இழுத்துப் பாதையில் கொண்டுவந்து போட்டார். தன் முதுகில் மாட்டியிருந்த தண்ணீர்ப் பம்பால் என் காலில் தண்ணீர் அடித்தார். நான் மல்லாந்து கிடந்தபடி, “ஷூ போச்சே, போன வாரம்தான்...” என்று என் வழக்கமான பாணியில் ஆரம்பித்தேன்.

வாக்கியம் முடியவில்லை. மரம் விழுந்தது.

மரம் விழுவதென்றால் மடமடவென்று முறியும், ஓட நேரமிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. காற்று இல்லை. ஓர் இலை அசையவில்லை. பெரிய ஈரத்துணியை யாரோ உதறியதுபோல ஒரு ‘விஷ்’. மூன்று மாடி உயரப் பச்சை மரம், நின்ற இடத்திலிருந்து அப்படியே சாய்ந்து, நான் கால் புதைந்த குழியின் மேல் முழு நீளத்துக்கும் படுத்தது. தரை அதிர்ந்தது என் முதுகில் தெரிந்தது. சாம்பலும் பொறியும் கிளம்பி எங்கள் மேல் கொட்டின. அடங்கியபின் அடிமரத்தைப் பார்த்தேன். வேர்களே இல்லை. எல்லாம் ஒரு சாண் நீளத்தில் கரிந்து மொட்டையாக நின்றன. எத்தனை நாளாகவோ அந்த மரம் எதையும் பிடித்துக்கொள்ளாமல், சும்மா பழக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

அது விழுந்து கிடந்தது சனிக்கிழமை நாங்கள் பாய் விரித்த இடத்தில். மறுநாள் பள்ளிப் பிள்ளைகள் உட்காரப் போகிற இடமும் அதுதான்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஜோக்கும் வரவில்லை.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. தோண்டுவதும் தண்ணீர் விடுவதுமாக மூன்று நாள் ஆயிற்று. நெருப்பு நாலு பக்கமும் வேர் வழியே போயிருந்தது. காலில் கட்டோடு மூன்றாம் நாள் நானும் போய், அவர் சொன்ன இடத்திலெல்லாம் மண்டியிட்டுப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். அழுக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த வாரமே துறையில் பேச்சு எழுந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் குழுவை இனி அழைக்கத்தான் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். பாவம், தேத்தண்ணி கேட்டதைத் தவிர அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. சரியாகக் கேள்வி கேட்டதும் அந்த அம்மா ஒருவர்தான். கள அலுவலர் அறிக்கையை எழுதி, நெருப்பு மூட்டியவர் என்ற இடத்தை மட்டும் வெற்றாக விட்டு, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ‘யாரோ வழிப்போக்கர்கள்’ என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. அரை நாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு என் பெயரை எழுதினேன். கல் பொறுக்கியது, மூட்டியது, மூடி மறைத்தது, கேட்டபோது பொய் சொன்னது எல்லாவற்றையும் எழுதினேன். இடம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன்.

கேத்தில் கொண்டுவந்த அம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நாங்கள் பாய் விரிச்ச இடமோ தம்பி?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்றரை வருஷத்துக்கு மேல் என்னை மக்கள் முன் பேச விடவில்லை, நியாயம்தான். இந்த வசந்தத்தில்தான் மறுபடி விட்டார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கோயில் மண்டபம். படங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தக் கதையையே சொன்னேன். கால் புதைந்ததை நடித்துக் காட்டினேன், தழும்பைக் காட்டினேன், மரம் விழுந்த இடத்தில் கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. நெருப்பு மூட்டுகிற முட்டாளைவிட, அதை மூடி மறைக்கிற கெட்டிக்காரன்தான் ஆபத்தானவன் என்று முடித்தேன். அதை இன்றைக்கும் நம்புகிறேன். எதையாவது பூசி மெழுகத் தோன்றும்போதெல்லாம் வலது கால் சுருக்கென்கிறது.

எல்லோரும் போனபின் கள அலுவலர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று உண்மையிலேயே நன்றாகப் பேசிவிட்ட மிதப்பில் அவரிடம் போய், “இன்னும் அஞ்சு செகண்ட் அங்க நின்னிருந்தா நான் காலி, இல்ல?” என்றேன்.

அவர் நிமிரவில்லை.

“நானும் அங்கதான் நிண்டனான்.”